நீ எறங்கற பஸ்ஸுல

ஆவடியிலிருந்து வரும் பஸ் முத்தாபுதுப்பேட்டையில் திரும்புகிற இடத்தில் லோகநாயகி வெறுங்கையோடு நின்றாள். ஆடி வெயில் காலையிலேயே உச்சந்தலையில் ஏறியிருந்தது. குடை இன்னும் வந்து சேரவில்லை.

அவர்கள் வீட்டில் குடை ஒன்றுதான். நைட் ஷிப்ட் முடிந்து பாடி பாக்டரியிலிருந்து வரும் வேம்புலி அதைக் கொண்டு வருவான். அவன் இறங்கிய பஸ்ஸிலேயே ஏறி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் துணி தைக்கப் போகும் லோகநாயகியின் கைக்கு அது மாறும். சாயங்காலம் அவள் இறங்கும் பஸ்ஸில் அவன் ஏறும்போது திரும்ப அவன் கைக்கு. கண்டக்டர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் பேசலாம். அதற்கு மேல் பேச்சு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இதை வைத்துத்தான் வேம்புலி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டைக் கட்டினான். மணிநாதம் கேசட் கம்பெனிக்கு அவன் பாடிக் கொடுத்த பாட்டுகளில் அதுவும் ஒன்று. அதில் வருகிற பெண் குரல் லோகநாயகியுடையது. கேசட் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தெருவே காத்திருந்தது. வரவில்லை. கம்பெனிக்காரனுக்குப் பாட்டு பிடிக்கவில்லையாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான் வேம்புலி. அன்றைக்கு மூடிய வாய்தான். குளிக்கும்போது கூட அவன் பாடி அவள் கேட்டதில்லை.

நேற்று சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில், அந்த ரெக்கார்டிங்கில் வாசித்த தபலாக்காரர் பார்த்தசாரதி எதிர்ப்பட்டார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, உள்ளதைக் கொட்டிவிட்டார்.

பாட்டு பிடிக்காமல் இல்லை. லோகநாயகியின் குரல்தான் பிடிக்கவில்லை. அந்த அம்மா பாடுவது ரேஷன் கடை க்யூவில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, பேர் தெரிந்த பாடகி ஒருத்தியை வைத்து அந்தப் பகுதியை மாற்றிவிடலாம் என்றாராம் முதலாளி. வேம்புலி முடியாது என்றானாம். வார்த்தை தடித்து, டேப் பீரோவுக்குள் போய்விட்டது. அந்தப் பாட்டுகளை இனி எந்த மேடையிலும் பாடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

தன் குரல் புருஷன் குரலையும் சேர்த்து அமுக்கிவிட்டது என்பது தெரிந்த பிறகு லோகநாயகிக்கு எங்கே தூக்கம் வரும்?

பஸ் வந்து நின்றது. வேம்புலி இறங்கினான். கண் சிவந்து, சட்டையில் கிரீஸ் வாசனையோடு குடையை நீட்டினான்.

"இன்னா, மொகம் ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லீங்க. வெயிலு."

"சொர்ணம் எங்க?"

"விடியலேர்ந்து ஜமீலா வீட்டு வாசல்லயே நிக்குது. அவ கொழுந்தன் சார்ஜாவுலேர்ந்து வந்துட்டானாம். சாமானெல்லாம் இன்னும் பிரிக்கலியாம்."

சொர்ணம் வேம்புலியின் தங்கை. அவள் புருஷன் சின்னப்பையன் சார்ஜாவில் வெல்டர். கைக்குழந்தையோடு அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு ஜமீலாவின் புருஷனுக்கும் அங்கேதான் வேலை.

வேம்புலி சிரித்தான். "மச்சான் இன்னா அனுப்பிக்கீறானோ. மூணாம் நாளே தீந்துபோற சோப்புதான்."

கேட்டுவிடலாமா என்று லோகநாயகிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை. கண்டக்டர் டீ கிளாசை வைத்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்றபோது அவள் இறங்கவில்லை. கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் சூப்பர்வைசருக்கு லீவு சொல்லி அனுப்பினாள். பாடிக்கு டிக்கெட் வாங்கியிருந்தாள்.

* * *

மணிநாதம் கம்பெனி பாடி ஜங்ஷனில், லாரி பாடி கட்டுகிற பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆடி மாசம் என்பதால் படிக்கட்டு வரைக்கும் அம்மன் கேசட் பெட்டிகள். உள்ளே நான்கு பெண்கள் கீழே உட்கார்ந்து கவருக்குள் கேசட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி மணவாளன் கெட்ட மனிதர் இல்லை. யாரென்று தெரிந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வேம்புலி எப்படி இருக்கிறார், இன்னும் அதே பாக்டரிதானா என்றெல்லாம் விசாரித்தார். லோகநாயகி பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"என் குரலை எடுத்துடுங்க சார். நீங்க சொன்ன பாடகியையே பாட வைங்க. அவர் பாட்டு வெளியில வந்தா போதும்."

"வேம்புலி அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது."

மணவாளன் மேஜை மேலிருந்த பேனாவை மூடினார். பிறகு திறந்தார். கீழே லாரிக்காரன் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவன் ஓய்கிற வரைக்கும் காத்திருந்து, அவர் மெதுவாகச் சொன்னார். போன வருஷம் ஆடிக்கு ஸ்பூல் டேப் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பீரோவில் சும்மா இருந்ததை எடுத்து, அதன் மேலேயே அம்மன் பாட்டு ரெக்கார்ட் செய்துவிட்டார்கள்.

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாம்தாம்மா."

அவள் அழவில்லை. கீழே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கையிலிருந்த கேசட்டைக் கவரில் போட மறந்து அவளையே பார்த்தாள். மணவாளன் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்றாள்.

அவருக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. ரெக்கார்டிங் முடிந்த அன்றைக்கே கேட்டுப் பார்க்கச் சொல்லி வேம்புலியிடம் ஒரு கேசட் கொடுத்தோமே, அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்தே பிரதி எடுக்கலாம், குரல் விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

இருக்கிறது. டிரங்குப் பெட்டிக்கு அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே இருக்கிறது. யாரும் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்று அன்றைக்கே அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் வேம்புலி உடைத்து வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அந்தப் பாட்டையெல்லாம் அவர் எங்கயும் பாடக் கூடாதுன்னீங்களே சார். ஏன்?"

"பாட்டு கம்பெனிகிட்ட இருந்ததும்மா. அதனால."

"இப்ப இல்லியே."

மணவாளன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வக்கீல் வீட்டுப் பொண்ணா?"

"ஆவடி பாக்டரில மிலிட்டரிக்கு யூனிபாரம் தைச்சவர் பொண்ணு. தையலைப் பிரிச்சுப் போட்டாச்சுன்னா, துணி யார் கொடுத்தாங்களோ அவங்களுக்குத்தான் சார் திரும்பிப் போகணும்."

கேசட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மணவாளனுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"பாடட்டும்மா," என்றார். "நான் குறுக்க நிக்கல. போய்ச் சொல்லுங்க."

* * *

வீட்டுக்கு வந்தபோது தெருவில் கரண்ட் இல்லை. வேம்புலி கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த விசிறி நெஞ்சின் மேல் விழுந்து கிடந்தது.

லோகநாயகி சத்தம் வராமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவையைத் தூக்கினாள். கேசட்டின் பிளாஸ்டிக் டப்பி இருந்தது. கை பட்டதுமே தெரிந்துவிட்டது. எடை இல்லை.

திறந்து பார்த்தாள். காலி.

பக்கத்து வீட்டில் ஜமீலாவும் சொர்ணமும் கூடத்தில் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சார்ஜாவிலிருந்து வந்த சாமான் பிரித்தாகிவிட்டது. சோப்பு, தைலம், குழந்தைக்கு ஒரு சட்டை, ஒரு கேசட். கரண்ட் வந்தால் கேட்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணத்தின் மடியில் குழந்தை தூங்கியது.

லோகநாயகி டப்பியைக் காட்டினாள். சொர்ணத்தின் முகம் மாறிவிட்டது.

விஷயம் இதுதான். கடிதத்தை விடக் குரல் நல்லது என்று ஜமீலா தன் புருஷனுக்குக் கேசட்டில் பேசித்தான் அனுப்புவாள். அவர் கேட்டுவிட்டு, அதையே அழித்து அதன் மேலேயே பதில் பேசி அனுப்புவார். ஒரே கேசட் போய்ப் போய் வரும். சித்திரை மாசம் சார்ஜாவுக்கு யாரோ கிளம்புகிறார்கள் என்று தெரிந்ததும் சொர்ணத்துக்கும் ஆசை வந்தது. குழந்தை முதல் முதலாக 'நைனா' என்றிருந்தது. அதைச் சின்னப்பையன் கேட்க வேண்டாமா? வீட்டில் வேறு கேசட் இல்லை. டிரங்குப் பெட்டியில் இருந்ததை எடுத்துவிட்டாள். காது உடைந்திருந்ததால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தவில்லை. சிகரெட் டப்பித் தாளை மடித்து அந்த ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தது ஜமீலா.

"எனக்கு இன்ன கேசட்னு தெரியாதுக்கா," என்றாள் ஜமீலா. 

"அண்ணன் அத்த தொட்டே பாக்கறதில்லியே அண்ணி," என்றாள் சொர்ணம். "வேணாம்னு போட்டு வெச்சிக்கீதுன்னு நெனச்சேன். கேட்டா மூஞ்சி சுளிக்கும்னு கேக்கல."

லோகநாயகி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். திட்ட நினைத்தாள். குழந்தை தூக்கத்தில் கையை நீட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"எவ்ளோ நேரம் பேசின?"

"மொதப் பாட்டு ஓடற அளவுக்கு இருக்கும். அதுக்கு மேல இன்னா பேசறதுன்னு தெரியல. நிறுத்திட்டேன்."

அப்படியென்றால் மீதிப் பாட்டுகள் அதிலேயே இருந்திருக்கும். சின்னப்பையன் அதன் மேல் பதில் பேசாமல் இருந்தால். லோகநாயகி தரையில் கிடந்த கேசட்டைச் சட்டென்று எடுத்துப் பார்த்தாள். புத்தம் புதுசு. தங்க எழுத்தில் ஏதோ பேர் அச்சடித்திருந்தது. காதுகள் உடையாமல் இருந்தன.

"இது நம்மது இல்ல சொர்ணம்."

"அப்ப நம்மது?"

 பழசு என்று அங்கேயே தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல லோகநாயகிக்கு மனசு வரவில்லை.

தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. ஜமீலா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேசட்டைப் போட்டு அமுக்கினாள்.

கொஞ்ச நேரம் உஸ்ஸென்று காற்று. பிறகு தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"சொர்ணம், நான் சின்னப்பையன் பேசறேன். நல்லா கீறியா?"

பதிலுக்கு இடம் விட்டிருந்தான்.

"நல்லா கீறேன்," என்றாள் சொர்ணம், டேப்பைப் பார்த்து. ஜமீலா சிரிக்கவில்லை. அவளும் அப்படித்தான் பேசுவாள்.

சின்னப்பையன் வெயிலைப் பற்றிச் சொன்னான். சோற்றைப் பற்றிச் சொன்னான். குழந்தை 'நைனா' என்றதை ரூமில் இருக்கிற எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம். தினம் ஒருத்தன் அதைப் போடச் சொல்கிறானாம். பிறகு அவன் குரல் மாறியது.

"நீ பேசி முடிச்சதும் டேப்ப நிறுத்தப் போனேன். அதுக்குள்ள அண்ணி பாட ஆரம்பிச்சிட்டாங்க. அன்னிலேர்ந்து வேல முடிஞ்சி வந்தா எல்லாருக்கும் அந்தப் பாட்டுதான். மேல் கட்டில்ல ஒரு நாகர்கோயில்காரரு கீறாரு. அண்ணி அந்தச் சூடுன்னு பாடறாங்க இல்ல, அந்த எடம் வர சொல்ல செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பாரு. உனக்குப் பதில் பேச அந்த கேசட்ட எடுத்தேன் பாரு, அத்த அழிச்சா ரூமுக்குள்ளயே சேக்க மாட்டோம்னுட்டானுங்க. எல்லாரும் சேந்துதான் இந்தப் புது கேசட்ட வாங்கிக் குடுத்தானுங்க. இரு, பாடறானுங்க, கேளு."

ஒரு தட்டையோ டின்னையோ தட்டுகிற சத்தம் எழுந்தது. ஏழெட்டு ஆண் குரல்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. பெண் பாட வேண்டிய பகுதியை அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள்.

'நீ எறங்கற பஸ்ஸுல நான் ஏறுறேன்
நீ குந்தின எடத்தத் தேடித் தேடிக் குந்துறேன்
அந்தச் சூடு ஆறங்காட்டியும் எஸ்டேட்டு வந்துடுது
ஒரு சொல்லு பேசங்காட்டியும் பொழுது போயிடுது'

லோகநாயகி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பார்க்காத ஊரில், முகம் தெரியாத ஆண்பிள்ளைகள், அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கேயே மூச்சு வாங்கிப் பாடுகிறார்கள்.

வாசலில் நிழல் ஆடியது. வேம்புலி நின்றிருந்தான். கட்டிய லுங்கி, கலைந்த தலை. சுவர் ஒன்றுதான் நடுவில். தூக்கத்திலேயே கேட்டு எழுந்து வந்திருக்கிறான்.

 பாட்டு முடிந்ததும் ஜமீலா டேப்பை நிறுத்தினாள்.

"மூணாவது வரில சுதி ஏத்திட்டானுங்க," என்றான் வேம்புலி.  "அங்க ஏத்தக் கூடாது. உன்னோடது அங்க எறங்கும்."

சொர்ணம் அழுதுகொண்டே தான் செய்ததைச் சொன்னாள். அவன் அவளைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கண் மட்டும் லோகநாயகி மேலேயே இருந்தது. அவள் கையிலிருந்த காலி டப்பியைப் பார்த்தான்.

"வேலைக்குப் போகல நீ."

"கம்பெனிக்குப் போனேன். என் குரலை எடுத்துடச் சொல்லி."

"யார் சொன்னது உனக்கு?"

"யார் சொன்னா என்ன. நீங்க சொல்லலியே."

வேம்புலி குழந்தையின் முதுகைத் தட்டினான். குழந்தை எப்போதோ தூங்கியிருந்தது.

"உங்கிட்ட எப்படி சொல்றது? அவன் சொன்ன வார்த்தைய என் வாயால உங்கிட்ட சொல்லணுமா?"

இந்த மனிதன் இரண்டு வருஷம் பாடாமல் இருந்தது அந்த ஒரு வார்த்தை தன் காதில் விழக் கூடாது என்பதற்காகவா?  லோகநாயகி கம்பெனியில் டேப் அழிந்துபோனதையும், மணவாளன் கடைசியில் சொன்னதையும் சொன்னாள். யூனிபாரம் தைச்சவர் பொண்ணு என்றதைச் சொன்னபோது வேம்புலி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டும் எத்தனையோ நாளாகியிருந்தது.

"பாடட்டும்னானா?"

"பாடட்டும்னாரு."

"இன்னும் கீது அண்ணாத்தே," என்றாள் சொர்ணம், டேப்பைக் காட்டி. ஜமீலா மறுபடி அமுக்கினாள்.

சின்னப்பையன் இப்போது அவசரமாகப் பேசினான். டேப் தீரப் போகிறது போல. ரூமில் இருக்கிற அயனம்பாக்கம் துலுக்கானம் லீவில் வருகிறானாம். பாட்டுகளை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வருகிறானாம். அவன் தம்பி மைக் செட் வைத்திருக்கிறான். ஏரிக்கரை அம்மன் கோயிலில் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள். அன்றைக்கு ஊருக்கே கேட்கிற மாதிரிப் போடப் போகிறானாம்.

"அன்னிக்குக் காத்தால அவன் நம்ம ஊட்டுக்கு வருவான். அண்ணனையும் அண்ணியையும் கையோட கூட்டிகினு போறேன்றான், நேர்ல பாட. அண்ணங்கிட்ட இன்னொண்ணு கேக்கச் சொன்னானுங்க. கேசட்டு ஆரம்பத்துல அண்ணன் குரல்ல ஒரே ஒரு வரி கீது. அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிடறே. அப்புறம் இன்னான்னு ரூமே கேக்குது. அத்த மட்டும்..."

டேப் தீர்ந்து பட்டன் தானாக எழும்பியது.

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். வேம்புலி கூரையைப் பார்த்தான். அந்த முதல் பாட்டைத்தான் அவன் எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டினான். எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்கு எப்போதும் இல்லை. பஸ்ஸில் கட்டுவான், மிஷின் சத்தத்தில் பாடிப் பாடி மனப்பாடம் பண்ணுவான்.

* * *

சாயங்காலம் அவனை பஸ் ஏற்றிவிட லோகநாயகியும் கூட நடந்தாள். வழக்கமாக அந்நேரத்துக்கு அவள் வேலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் இருப்பாள். பெட்டிக்கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார், இதென்ன அதிசயம் என்று.

ஸ்டாப்பில் இருந்த கல் மேல் உட்கார்ந்தார்கள். குடை இருவருக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் தனக்குப் பாட வேண்டிய பகுதி எதுவும் இல்லை என்பதால் தானும் அதைச் சரியாகக் கேட்டு வைக்கவில்லையே என்று லோகநாயகிக்கு வருத்தமாக இருந்தது. பாக்டரிச் சங்கைப் பற்றி ஏதோ வரும். பாயைப் பற்றி வரும்.

பஸ் வந்து திரும்பி நின்றது. ஜனம் இறங்கியது. கண்டக்டர் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார்.

"வேம்புலி, ஏறலியா?" என்றார்.

"நீ போ நைனா. அடுத்ததுல வரேன்."

லோகநாயகி திடுக்கிட்டாள். ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்றாள். அவன் காதில் வாங்கவில்லை. பஸ் கிளம்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆவடிப் பக்கம் போனது. அத்தனை வருஷத்தில் அவர்களை விட்டுவிட்டுப் போன முதல் பஸ் அதுதான்.

வேம்புலி குடையின் நுனியால் மண்ணில் தாளம் தட்டினான். ஒரு தடவை. மறுபடியும். இரண்டு வருஷத்துப் பூட்டைத் திறக்கிறவன் போலத் தொண்டையைச் செருமினான்.

"பாடி சங்கு ஊதங்காட்டியும்
பாயச் சுருட்டி வெச்சவளே..."

சன்னமாகத்தான் வந்தது. ஆனால் அவன் குரல்தான். லோகநாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குடை நுனி தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. அவன் நெற்றியைச் சுருக்கி, போன பஸ் கிளப்பிய புழுதியையே பார்த்தான். அடுத்த வரி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நடுவில் சில ஷிப்டுகள்தான் இருந்தன.

அவள் அவன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.